பெல்ட் இறுக்கி

பெல்ட் இறுக்கி என்பது மகிழுந்து எஞ்சினில் ஓடும் பெல்ட் தளர்ந்து நழுவாதவாறு அதனை ஒரே அளவான இறுக்கத்தில் வைத்திருக்கும் உறுப்பு ஆகும். பணிமனைகளிலும் உதிரிப்பாகக் கடைகளிலும் இது டென்ஷனர் என்றே வழங்கப்படுகிறது. எஞ்சினின் சுழற்சியை ஆல்டர்னேட்டர், நீரேற்றி, குளிர்சாதனக் கம்ப்ரசர், பவர் ஸ்டியரிங் பம்பு ஆகியவற்றுக்குக் கொண்டு செல்வது பெல்ட் ஆகும். எல்லா மகிழுந்துகளிலும் இந்நான்கும் ஒரே பெல்ட்டால் இயங்குவதில்லை. எவை இயங்குகின்றனவோ அவை அனைத்தும் பெல்ட்டின் இறுக்கத்தையே நம்பியுள்ளன.

பெல்ட் கிறீச்சிட்டால் பெல்ட்டை மட்டும் மாற்றுவது பரவலான வழக்கம். ஆனால் குறை பெரும்பாலும் இறுக்கியில் இருக்கக்கூடும். அவ்வாறாயின் புதிய பெல்ட்டும் சில மாதங்களிலேயே கெட்டுவிடும். துணைக்கருவிகளை இயக்கும் பெல்ட்டின் இறுக்கியை, அடிப்படைக் கருவிகள் உள்ள ஒருவர் வீட்டிலேயே மாற்ற முடியும். எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டின் இறுக்கி அத்தகையதன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது இப்பணியின் முதற்படியாகும்.

வரலாறு

தொடக்ககால மகிழுந்துகளில் தோலாலும் துணியாலும் ஆன தட்டைப் பட்டைகள் பயன்பட்டன. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், குறுக்குவெட்டில் ஆப்பு வடிவம் கொண்ட இரப்பர் வி-பெல்ட் பரவலாயிற்று. ஆப்பு வடிவம் புல்லியின் பள்ளத்தில் அழுந்திப் பிடிப்பதால், தட்டைப் பட்டையைவிடக் குறைந்த இறுக்கத்திலேயே இது கூடுதல் ஆற்றலைக் கடத்தியது.

இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடரின் பழைய வகைகளில் தனியாக இறுக்கி எதுவும் இல்லை. ஒரே வி-பெல்ட் டைனமோ, நீரேற்றி, விசிறி ஆகிய மூன்றையும் சுழற்றியது. டைனமோவைத் தாங்கும் பட்டியில் நீள்துளை ஒன்று இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவை நெம்புகோலால் வெளிப்புறம் தள்ளிப் பிடித்து, மீண்டும் போல்ட்டை முறுக்குவர். பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு செ.மீ. அளவு உள்வாங்க வேண்டும் என்பது ஓட்டுநர்கள் அறிந்த அளவுகோல். பெல்ட் நீள நீள இவ்வேலையை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருந்தது.

1979 இல் போர்டு நிறுவனம் தனது முஸ்டாங் மகிழுந்தில், எல்லாத் துணைக்கருவிகளையும் சுற்றி வளைந்து செல்லும் ஒரே நீண்ட வரிப்பள்ளப் பெல்ட்டை அறிமுகப்படுத்தியது. பாம்பு போல் வளைந்து செல்வதால் இதற்குச் செர்பென்டைன் பெல்ட் எனப் பெயர் ஏற்பட்டது. ஒரே பெல்ட்டில் பல கருவிகள் தொங்கும்போது கையால் இறுக்குவது போதாது. ஆகவே சுருள்வில்லால் தானே இயங்கும் இறுக்கி இதனுடன் சேர்ந்து பரவியது.

டைமிங் பெல்ட்டின் வரலாறு வேறு. பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட மகிழுந்துகளுள் செருமனியின் கிளாஸ் 1004 (1962) இதனை முதலில் பயன்படுத்தியது. இந்தியாவில் 1983 இல் வெளிவந்த மாருதி 800, டைமிங் பெல்ட்டைப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியது. பெல்ட் உற்பத்தியில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. மதுரையில் உள்ள ஃபென்னர் ஆலை வி-பெல்ட்டுகளுக்குப் பெயர் பெற்றது.

அமைப்பு

தானியங்கி இறுக்கியில் ஐந்து முதன்மைப் பகுதிகள் உள்ளன.

அடித்தளம்: எஞ்சினுடன் போல்ட்டால் பிணைக்கப்படும் அலுமினிய வார்ப்பு. இதன் பின்புறத்தில் உள்ள சிறு முளை எஞ்சினில் உள்ள துளைக்குள் பொருந்தி, இறுக்கி திரும்பிவிடாமல் காக்கிறது.

சுருள்வில்: அடித்தளத்துக்கும் கைக்கும் இடையே முறுக்கப்பட்ட நிலையில் இருக்கும் எஃகு வில். கையை எப்போதும் பெல்ட்டை நோக்கித் தள்ளுவது இதுவே.

கை: அச்சைச் சுற்றி அசையும் பகுதி.

தணிப்பான்: கை அளவுக்கு மீறி ஆடாமல் உராய்வால் தடுக்கும் நெகிழி வளையம். சில டீசல் எஞ்சின்களில் இதற்கு மாற்றாக எண்ணெய் நிரம்பிய சிறு உருளை இருக்கும்.

புல்லி: கையின் நுனியில் பேரிங்கின் மீது சுழல்வது. பெல்ட்டின் வழவழப்பான முதுகுப்புறம் படும் இடங்களில் இது பள்ளமின்றித் தட்டையாக இருக்கும்.

பல இறுக்கிகளின் அடித்தளத்தில் இரு கோடுகளும், கையில் ஓர் அம்புக்குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். அம்பு இரு கோடுகளுக்கும் இடையில் நின்றால் பெல்ட்டின் நீளம் சரியாக உள்ளது எனக் கொள்ளலாம்.

இறுக்கத்தின் இயற்பியல்

மஞ்சுவிரட்டுக் காளையைப் பிடித்து நிறுத்துவோர் கயிற்றைக் கையால் மட்டும் இழுப்பதில்லை. கட்டுத்தறியில் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையை இலேசாகப் பிடித்துக்கொள்வர். தறிக்கும் கயிற்றுக்கும் இடையிலான உராய்வு காளையின் இழுப்பைத் தாங்கிவிடுகிறது. ஆனால் மறுமுனையை அறவே விட்டுவிட்டால் எத்தனை சுற்று இருந்தும் கயிறு நழுவிவிடும். பெல்ட்டும் புல்லியும் இதே விதியின்படி இயங்குகின்றன. பெல்ட்டின் தளர்ந்த பக்கத்தை இலேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கையே இறுக்கி ஆகும்.

18 ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஆய்லரின் பெயரால் வழங்கும் சமன்பாடு இதனை அளவிடுகிறது. இறுகிய பக்கத்தின் இழுவிசைக்கும் தளர்ந்த பக்கத்தின் இழுவிசைக்கும் இடையில் எவ்வளவு விகிதம் வரை பெல்ட் நழுவாது என்பதை, உராய்வுக் கெழுவும் புல்லியைப் பெல்ட் தழுவும் கோணமும் தீர்மானிக்கின்றன. கெழு 0.3 எனக் கொண்டால், பெல்ட் அரை வட்டம் (180 பாகை) தழுவும்போது இவ்விகிதம் ஏறத்தாழ 2.6 ஆகும். தழுவும் கோணம் 120 பாகையாகக் குறைந்தால் விகிதம் 1.9 ஆகக் குறைகிறது.

எடுத்துக்காட்டாக, முழுச்சுமையில் உள்ள ஓர் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டில் 70 ஆம்பியர் தருவதாகக் கொள்வோம். இது ஏறத்தாழ ஒரு கிலோவாட் மின்னாற்றல். இழப்புகளையும் சேர்த்தால் பெல்ட் 1.6 கிலோவாட் வரை கடத்த வேண்டியிருக்கும். பெல்ட் நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் இரு பக்கங்களின் இழுவிசை வேறுபாடு ஏறத்தாழ 114 நியூட்டன். இதற்கு அரைவட்டத் தழுவலில் தளர்ந்த பக்கத்தில் 73 நியூட்டன் அளவு இழுவிசையாவது இருக்க வேண்டும். 120 பாகைத் தழுவலில் அதுவே 130 நியூட்டனாக உயர்கிறது. சுருள்வில் வலுவிழந்தால் இந்த அளவு கிடைப்பதில்லை. முகப்பு விளக்கும் குளிர்சாதனமும் ஒருசேர இயங்கும் இரவுப் பயணத்தில் பெல்ட் முதலில் கிறீச்சிடுவதற்குக் காரணம் இதுவே.

பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவதும் தீங்கானது. கூடுதல் இழுவிசை ஆல்டர்னேட்டர், நீரேற்றி ஆகியவற்றின் பேரிங்குகளின்மேல் பக்கச்சுமையாக விழுந்து அவற்றைத் தேய்க்கிறது.

தேய்மானத்தின் அறிகுறிகள்

எஞ்சினை இயக்கியவுடனோ குளிர்சாதனத்தைப் போட்டவுடனோ கிறீச்சென்ற ஒலி எழுதல்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது இறுக்கியின் கை இடைவிடாது துடித்தல். இலேசான அசைவு இயல்பானது. கண்ணுக்கு நன்கு தெரியும் உதறல் தணிப்பான் தேய்ந்ததைக் காட்டும்.

அம்புக்குறி கோடுகளுக்கு வெளியே நிற்றல்.

கையின் அச்சிலிருந்து துருநிறத் தூள் உதிர்தல், அல்லது கை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெல்ட் புல்லியின் ஓரத்துக்கு நகர்தல்.

புல்லியிலிருந்து உறுமல் ஒலி வருதல். இது பேரிங்கின் உயவுப்பசை வற்றியதன் அடையாளம்.

பேட்டரி எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிதல்.

ஒலியின் காரணத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது, எட்ட நின்று, பெல்ட்டின் வரிப்பள்ளப் பக்கத்தில் சிறிது நீரைத் தெளிக்க வேண்டும். ஒலி சற்று நேரம் அடங்கிப் பின் மீண்டும் எழுந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை எனலாம். ஒலி மேலும் பெருகினால் பெல்ட் நழுவுகிறது, அதாவது இறுக்கம் போதவில்லை எனலாம்.

பெல்ட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது இப்போது போதுமானதன்று. பழைய நியோப்பிரீன் பெல்ட்டுகள் முதுமையில் குறுக்காக வெடித்தன. பின்னர் வந்த ஈ.பி.டி.எம். இரப்பர் பெல்ட்டுகள் எளிதில் வெடிப்பதில்லை. மாறாக, வண்டியின் டயரைப் போல அவற்றின் பள்ளங்கள் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. வெடிப்பு இல்லாத பெல்ட்டும் ஆயுள் முடிந்ததாக இருக்கலாம்.

செட்டிநாட்டுச் சூழல்

சிவகங்கை மாவட்டம், காரைக்குடி வட்டாரத்தில் உள்ள நேமத்தான்பட்டி நகரத்தார் ஊர்களுள் ஒன்று. இத்தகைய ஊர்களில் பல பெரிய வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டப்பட்டிருந்து, திருமணம், கோயில் விழா, பொங்கல் ஆகிய காலங்களில் திறக்கப்படுகின்றன. வீட்டோடு நிறுத்தி வைக்கப்படும் மகிழுந்துகளுக்கும் இதே நிலைதான். குறைந்த கிலோமீட்டரே ஓடியிருந்தாலும் அவற்றின் பெல்ட்டும் இறுக்கியும் நல்ல நிலையில் இருக்கும் எனக் கொள்ள இயலாது.

நெடுநாள் அசையாது நிற்கும் பெல்ட், புல்லியை வளைந்து தழுவிய இடங்களில் அதே வளைவில் இறுகிப்போகிறது. எஃகுப் புல்லிகளின் பள்ளங்களில் துரு படர்ந்து, முதல் ஓட்டத்திலேயே பெல்ட்டை அரம் போல அராவுகிறது. எலிகள் பெல்ட்டையும் மின்கம்பிகளையும் கடிப்பதுண்டு. இப்பகுதியின் செம்மண் புழுதி, தேய்ந்த பேரிங்கின் மூடி வழியாக உட்புகுந்து அதன் பசையைக் கெடுக்கிறது. கோடை வெப்பம் இரப்பரை முதுமையடையச் செய்கிறது.

ஆகவே பல மாதங்கள் நின்ற வண்டியை ஊர்ப் பயணத்துக்கு எடுக்கும் முன், எஞ்சினை இயக்காமலே பெல்ட்டையும் இறுக்கியையும் பார்ப்பது நன்று. நீரேற்றியை இந்தப் பெல்ட்டே சுழற்றும் எஞ்சின்களில், வழியில் பெல்ட் கழன்றால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்து, சிலிண்டர் தலைப்பகுதி வளைந்துவிடக் கூடும். பணிமனைக்கு வண்டியைக் கட்டி இழுத்துச் செல்ல வேண்டிய சிற்றூர்களில், இறுக்கியை வீட்டிலேயே மாற்றத் தெரிந்திருப்பது பயனுள்ளது.

வீட்டில் மாற்றும் முறை

கீழ்வருவது துணைக்கருவிப் பெல்ட்டின் சுருள்வில் இறுக்கிக்கு மட்டுமே பொருந்தும். போல்ட்டின் அளவு, திருப்பும் திசை, முறுக்கு அளவு ஆகியன வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், அவ்வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பின்பற்ற வேண்டும்.

தேவையானவை: நீண்ட கைப்பிடி கொண்ட ரிங் ஸ்பானர், சாக்கெட் செட், டார்க் ரெஞ்சு, ஜாக்கி, வண்டியைத் தாங்கும் முக்காலிகள், சக்கரத்துக்கு அடைகட்டை, கைவிளக்கு, புதிய இறுக்கி, புதிய பெல்ட்.

1. எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். கைப்பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். வேட்டி நுனி, துண்டு, துப்பட்டா, கைக்கடிகாரம் போன்றவை எஞ்சின் அருகே தொங்கக் கூடாது.

2. பல வண்டிகளில் முன்சக்கரத்தையும் அதன் உட்புற நெகிழி மறைப்பையும் கழற்றினால்தான் இறுக்கி கைக்கு எட்டும். செம்மண் தரையில் ஜாக்கி புதையும். தடித்த பலகையை அடியில் இட்டே தூக்க வேண்டும். தூக்கியபின் முக்காலியில் இறக்கி வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையோ தலையோ நுழைக்கக் கூடாது.

3. பெல்ட் செல்லும் வழியைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும், அல்லது ஒளிப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வளைவு மாறினாலும் நீரேற்றி எதிர்த்திசையில் சுழலும்.

4. கையில் உள்ள அறுகோணத் தலையிலோ சதுரத் துளையிலோ ஸ்பானரைப் பொருத்தி, சுருள்வில்லின் விசைக்கு எதிராக மெல்லத் திருப்ப வேண்டும். பெல்ட் தளர்ந்ததும், எளிதில் எட்டும் புல்லியிலிருந்து அதனை நழுவவிட்டு எடுக்க வேண்டும். பின்பு கையை மெல்ல அதன் இருப்புக்குக் கொண்டுவர வேண்டும். திடீரென விட்டால் ஸ்பானர் தெறித்து விரலை நசுக்கும்.

5. பெல்ட் கழன்ற நிலையில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கரகரப்பும் பக்கவாட்டு ஆட்டமும் இருக்கக் கூடாது. இந்தச் சோதனைக்கு இதுவே தக்க வேளை.

6. இறுக்கியைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, பழையதைப் புதியதன் அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். புல்லியின் விட்டம், அகலம், கை திரும்பும் திசை, பின்புற முளையின் இடம் ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். புல்லியை மட்டும் மாற்றுவதாயின், அதன் நடுப்போல்ட் சில வகைகளில் இடப்புரி கொண்டிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

7. எஞ்சினில் இறுக்கி அமரும் பரப்பைத் துடைத்து, முளையைத் துளையில் பொருத்தி, போல்ட்டை முதலில் விரலாலேயே முறுக்க வேண்டும். எஞ்சினின் அலுமினியப் புரி எளிதில் சிதையும். பின்னர் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்.

8. புதிய இறுக்கி சிறு ஊசியால் பூட்டப்பட்டு வந்தால், பெல்ட்டை முழுதும் அமைத்த பின்னரே அதை உருவ வேண்டும்.

9. வரைந்த வழியில் பெல்ட்டைச் சுற்றி, கடைசியாக வழவழப்பான புல்லியின்மீது ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வரியும் அதற்குரிய பள்ளத்தில் அமர்ந்துள்ளதா என விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு வரி வெளியே தொங்கினாலும் பெல்ட் விரைவில் கிழியும்.

10. கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானரை இட்டு, எஞ்சின் ஓடும் திசையில் இரண்டு சுற்றுக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பெல்ட் நகராதிருந்தால் மறைப்பையும் சக்கரத்தையும் மாட்டி, வண்டியை இறக்கி, பேட்டரியை இணைத்து எஞ்சினை இயக்கலாம். அம்புக்குறி கோடுகளுக்கு இடையில் நிற்பதை உறுதி செய்த பின்னரே பணி முடிந்ததாகும்.

ஒலியை அடக்குவதற்காகப் பெல்ட்டின்மீது எண்ணெய், சோப்பு, மெழுகு ஆகியவற்றைப் பூசுவது தவறான வழக்கம். அவை இரப்பரை ஊறச்செய்து, நழுவலைக் கூட்டுவதோடு உண்மையான குறையையும் மறைக்கின்றன.

மீண்டும் கெடுவதற்கான காரணங்கள்

புதிய இறுக்கியும் விரைவில் உதறத் தொடங்கினால், வேறொரு உறுப்பு அதனைக் கெடுக்கிறது எனக் கொள்ள வேண்டும். இவற்றுள் முதன்மையானது ஆல்டர்னேட்டரின் ஒருதிசைப் புல்லி. எஞ்சினின் ஒவ்வொரு எரிப்பின்போதும் கிராங்க் தண்டின் வேகம் சற்றே கூடிக் குறைகிறது. டீசல் எஞ்சின்களில் இது மிகுதி. ஆல்டர்னேட்டரின் கனத்த சுழலி அந்த வேகத்துக்கு உடனுக்குடன் குறைய மறுக்கும். ஒருதிசைப் புல்லி, சைக்கிளின் பின்சக்கர ஃப்ரீவீல் போல, அச்சமயம் சுழலியைத் தனியே ஓடவிடுகிறது. அது துருவேறி இறுகிவிட்டால் அந்த உலுக்கல் முழுவதும் இறுக்கியின் கைமீது விழுகிறது. பெல்ட்டைக் கழற்றியபின் இப்புல்லியை ஒரு திசையில் திருப்பினால் சுழலியும் உடன் திரும்ப வேண்டும். மறுதிசையில் புல்லி மட்டும் தடையின்றிச் சுழல வேண்டும்.

கிராங்க் புல்லியின் இரப்பர் அடுக்கு பிரிதல், நீரேற்றியிலிருந்து நீர் கசிந்து பெல்ட்டை நனைத்தல், எஞ்சின் எண்ணெய்க் கசிவு ஆகியவை ஏனைய காரணங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் இறுக்கியை மாற்றுவதால் பயனில்லை.

வீட்டில் செய்யத்தகாதவை

டைமிங் பெல்ட்டின் இறுக்கி எஞ்சினின் மூடிக்குள் இருக்கும். இந்தப் பெல்ட் கிராங்க் தண்டையும் வால்வுகளை இயக்கும் கேம் தண்டையும் குறிப்பிட்ட ஒழுங்கில் பிணைக்கிறது. பெல்ட் சில பற்கள் தாண்டினாலே, பல எஞ்சின்களில் மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வுகளை மோதி வளைத்துவிடும். இதை மாற்றத் தண்டுகளைப் பூட்டும் தனிக்கருவிகளும் பயிற்சியும் தேவை. பெல்ட், இறுக்கி, வழிப்புல்லி ஆகியவற்றையும், டைமிங் பெல்ட்டாலேயே இயங்குமாயின் நீரேற்றியையும் ஒருசேர மாற்றுவதே முறை. நிறுவனம் குறித்த கிலோமீட்டர், ஆண்டு ஆகியவற்றுள் எது முதலில் வருகிறதோ அதனைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெல்ட்டே எஞ்சினைத் தொடக்கியும் உதவியும் இயக்கும் மென்கலப்பின மகிழுந்துகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் பெல்ட்டின் இறுகிய பக்கமும் தளர்ந்த பக்கமும் அவ்வப்போது இடம் மாறுவதால், இருபுறமும் தாங்கும் தனிவகை இறுக்கி பொருத்தப்படுகிறது. இறுக்கியே இல்லாத சில எஞ்சின்களில் மீள்தன்மை கொண்ட பெல்ட் பயன்படுகிறது. அதனை ஏற்றத் தனிக்கருவி வேண்டும். மின்மகிழுந்துகளில் எஞ்சின் இல்லாமையால் இத்தகைய பெல்ட்டும் இறுக்கியும் இல்லை.

இவற்றையும் பார்க்க

ஆல்டர்னேட்டர்
உள் எரி பொறி
உராய்வு
கப்பி
செட்டிநாடு